மழையைக் கணிக்கும் மொழிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவை

விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ரா சூறைக்காற்று, தேக்கா சந்தைக்குக் கிளம்பியவரையும் வேலையிடத்துக்குப் புறப்பட்டவரையும் நனைத்துவிடும். இத்தகைய மழையைக் கணிக்கச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பயன்படுத்துவது ‘சிங்-வி’ என்ற கணினி மாதிரி. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் மாதிரியை நம் வெப்பமண்டலச் சூழலுக்கேற்ப மாற்றி, அந்த அலுவலகத்துடன் சேர்ந்து உருவாக்கியது இது.

அந்த மூல மாதிரி எழுதப்பட்டிருப்பது ஃபோர்ட்ரான் மொழியில். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனம் 1957ல் வெளியிட்ட கணினி மொழி அது. இன்றைய மாணவர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் பெருங்கணக்குகளை வேகமாகப் போடுவதில் அது இன்றும் சளைக்கவில்லை. பல்லாண்டுகளாகச் சோதித்துச் சரிபார்த்த நிரலை வேறு மொழியில் திரும்ப எழுதுவது செலவு பிடிக்கும் வேலை. புதுப் பிழைகளும் நுழையும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பலரும் எடுத்துப் பயன்படுத்துவதற்கென ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை ‘நிரல் நூலகம்’ என்பார்கள். வானிலைத் தரவுகளைச் சேமிக்க உலகெங்கும் பயன்படும் ‘நெட்சிடிஎஃப்’ அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் மையப் பகுதி சி மொழியில் உள்ளது. ஃபோர்ட்ரான் நிரல் அதை அழைக்க, இடையில் ஓர் இணைப்பு நிரல் வேண்டும். மருத்துவமனையில் மருத்துவருக்கும் தமிழ் மட்டுமே பேசும் பாட்டிக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போன்றது அது.

மொழிபெயர்ப்பு தவறினால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். காலை, நண்பகல் வெப்பநிலை தேக்காவில் 26, 31. ஈசூனில் 25, 33. ஜூரோங்கில் 27, 32. சி மொழி இந்த அட்டவணையை வரிசை வரிசையாக நினைவகத்தில் வைக்கும்: 26, 31, 25, 33, 27, 32. ஃபோர்ட்ரானோ பத்தி பத்தியாக வாசிக்கும். முதல் மூன்று எண்களைக் காலை வெப்பநிலை என்றும் அடுத்த மூன்றை நண்பகல் வெப்பநிலை என்றும் எடுத்துக்கொள்ளும். ஈசூனில் காலையில் 31, நண்பகலில் 27 என்றாகிவிடும்!

கணினி நின்றுபோகாது, பிழைச் செய்தியும் வராது. எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருக்கும். ஆபத்தே அதில்தான்.

வேறு முரண்களும் உண்டு. சி மொழி 0 என்று எண்ணத் தொடங்கும். ஃபோர்ட்ரான் வழக்கமாக 1 என்று தொடங்கும். எழுத்துத்தொடரின் முடிவைக் குறிக்கும் முறையும் வேறு. எண் வகைகளையும் அழைக்கும் முறையையும் பொருத்துவதற்கான வசதி, ஃபோர்ட்ரான் 2003 தரநிலையில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. அட்டவணைச் சிக்கலுக்கு நெட்சிடிஎஃப் கண்ட வழி எளிது: ஃபோர்ட்ரான் பக்கத்தில் பரிமாணங்களின் வரிசை தலைகீழாகும். ‘இடம், நேரம்’ என்பது ‘நேரம், இடம்’ ஆகிவிடும்.

இந்தச் சிறு கவனத்தின்மேல் பெரிய முடிவுகள் நிற்கின்றன. சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. கரிம வெளியேற்றம் மிக அதிகமானால், 2100க்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்றது அது. அந்த ஆய்வின் வட்டாரக் கணிப்புகளுக்கும் சிங்-வி மாதிரியின் ஒரு வடிவமே பயன்பட்டது.

கணினித் துறையில் படிக்கும் பிள்ளைகள் இத்தகைய நிரலை எழுத நேர்ந்தால், மேலே கண்டதுபோல் மூன்று வரிசை, இரண்டு பத்தி கொண்ட சிறு அட்டவணையை முதலில் அனுப்பிப் பார்க்கலாம். வரிசையும் பத்தியும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால், இடம் மாறியது கண்ணில் படாமல் போகக்கூடும்.