'டெட்'ல ஒளிஞ்சிருக்கிற பி: சத்தமில்லாத ஆங்கில எழுத்துகள்

எழுதும்போது இருக்கும், சொல்லும்போது காணாமப் போயிடும். அந்த மாதிரி ஆங்கில எழுத்துகளைப் பத்திதான் இன்னைக்கு எபிசோடு. மீட்டிங்ல யாராவது 'டெப்ட்'னு சொன்னா, பக்கத்துல ஒருத்தர் சிரிப்பார். சொன்னவர் அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டார். நல்ல ஐடியா இருந்தாலும் உள்ளேயே போயிடும். அந்தச் சிரிப்புக்குத் தகுதியான தப்பா இது? பார்க்கலாம்.

முதல் வார்த்தை: டி, இ, பி, டி. உச்சரிப்பு 'டெட்'. அர்த்தம், கடன். இது பிரெஞ்சுலேர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தப்போ எழுத்துலயும் பி இல்லை, பேச்சுலயும் இல்லை. பிறகு லத்தீன் மேல மோகம் வந்த காலத்துல, படிச்சவங்க இதோட மூலம் 'டெபிடும்'ங்கற லத்தீன் சொல்னு காட்ட, எழுத்துல மட்டும் ஒரு பி-யைச் சொருகினாங்க. ஜனங்க பேச்சு மாறலை. பேங்க் மெசேஜ்ல வர்ற 'டெபிட்'டும் அதே வேர்தான். அதுல பி-க்குச் சத்தம் உண்டு.

இதே கதை உள்ள இன்னும் சில வார்த்தைகள்:

டி, ஓ, யு, பி, டி: 'டவுட்'. சந்தேகம். இதை நாம யாருமே தப்பா சொல்றதில்லை. ஏன்னா, புத்தகத்துல பார்க்கிறதுக்கு முன்னாடியே காதால கேட்டுட்டோம்.

ஆர், இ, சி, இ, ஐ, பி, டி: 'ரிசீட்'. ரசீது. ஏமாத்து வேலைங்கற அர்த்தத்துல வர்ற 'டிசீட்'டும் இதுக்குச் சொந்தக்காரன்தான். ஆனா அதுல பி எழுத மாட்டாங்க. சேர்த்தவங்களே ஒழுங்கா சேர்க்கலை!

எஸ், யு, பி, டி, எல், இ: 'சட்டில்'. சட்டுனு கண்ணுல படாத, நுட்பமான.

ஐ, என், டி, ஐ, சி, டி: 'இன்டைட்'. ஒருத்தர் மேல முறைப்படி குற்றம் சாட்டுறது. சி-க்குச் சத்தம் இல்லை.

ஐ, எஸ், எல், ஏ, என், டி: 'ஐலண்ட்'. தீவு. இதுதான் உச்சம். இது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோட சம்பந்தமே இல்லை. லத்தீன்லேர்ந்து வந்த வேற ஒரு சொல்லோட குழப்பி எஸ் போட்டாங்க. அந்தக் குழப்பம்தான் இன்னைக்கு சரியான ஸ்பெல்லிங்.

எல்லா மௌன எழுத்தும் இப்படி வந்ததில்லை. கத்திக்கு 'நைஃப்', முழங்காலுக்கு 'நீ'. இதுல முன்னாடி நிக்கிற கே-யை ஒரு காலத்துல இங்கிலாந்துல உச்சரிச்சாங்க. ஜெர்மன்ல முழங்கால் இன்னைக்கும் 'க்னீ'தான். பேச்சு நகர்ந்துடுச்சு, எழுத்து அங்கேயே நின்னுடுச்சு.

1598-ல் அச்சான ஷேக்ஸ்பியரோட 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்துல ஹொலொஃபர்னீஸ்னு ஒரு வாத்தியார் வருவார். 'டவுட்', 'டெட்' ரெண்டுலயும் பி-யை ஜனங்க முழுங்கிடறாங்கன்னு அவருக்கு ஒரே கோபம். நாடகம் கேலி பண்றது அந்த வாத்தியாரைத்தான்! ஆக, இங்கிலாந்துக்காரங்களே சண்டை போட்ட விஷயம் இது.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கடல், பகல், தங்கம்னு சொல்லிப் பாருங்க. 'க' ஒவ்வொரு இடத்துலயும் வேற மாதிரி ஒலிக்கும், ஆனா காணாமப் போகாது. எழுதினா சத்தம் உண்டுன்னு நம்பி வளர்ந்தவங்க 'டெப்ட்'னு படிக்கிறது இயல்பு. அந்த வார்த்தையை அவங்க படிச்சுக் கத்துக்கிட்டாங்கங்கறதுக்கு அது அடையாளம்.

என்ன செய்யலாம்? புது வார்த்தை பார்த்தா டிக்ஷனரி ஆப்ல ஸ்பீக்கர் பட்டனைத் தட்டுங்க. கேட்டதைத் தமிழ்ல எழுதி வச்சுக்கோங்க. அடுத்தவங்க தப்பா சொன்னா, பேசி முடிக்க விடுங்க. அப்புறமா தனியா சொல்லுங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். சி, ஓ, எல், ஓ, என், இ, எல். ராணுவப் பதவி. எப்படிச் சொல்லணும்? தமிழ் பேப்பரைப் புரட்டுங்க. 'கர்னல்'னு சரியாவே போட்டிருப்பாங்க.