வண்டி மாறி ஏறியவள்

வடமொழியிற் சூத்திரகன் இயற்றிய ‘மிருச்சகடிகம்’ என்னும் நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்னும் பெயருடன் தமிழுக்குத் தந்தனர். அதனைக் கற்றோர் வசந்தசேனையை மறத்தல் அரிது. உச்சயினி நகரத்துக் கணிகையாகிய அவள், அரசனின் மைத்துனனாகிய சகாரனை வெறுத்தவள். பதினாயிரம் பொன் பெறுமதியான அணிகலன்களோடு அவன் வண்டி அனுப்பியபோதும் போகேன் என்று மறுத்தவள். அவனது இயல்பை அவள் அறிந்திருந்தாள், அறிந்தமையால் விலக்கினாள். பின்னர் ஒருநாள், தன் அன்பனாகிய சாருதத்தனிடம் செல்லும் வண்டியென எண்ணி, வாயிலில் நின்ற வேறொரு வண்டியில் ஏறிவிடுகின்றாள். அது சகாரனுடைய வண்டி. பூங்காவில் அவன் அவளது கழுத்தை நெரித்து, இறந்தாள் என்று எண்ணி விட்டுச் செல்கின்றான். பௌத்த துறவி ஒருவரின் உதவியால் அவள் உயிர் பிழைத்தமை நாடகக் கவியின் கருணை என்றே சொல்லவேண்டும்.

பொருள் பெற்று இன்பம் விற்கும் மகளிரைப் பற்றி நமது நூல்கள் பேசாமலில்லை. திருக்குறளில் ‘வரைவின் மகளிர்’ என ஓர் அதிகாரமே உண்டு. மருதத் திணைப் பாடல்களிற் பரத்தையர் பலர் வருகின்றனர். ஆயினும் அங்கெல்லாம் பேசப்படும் கேடு பெரும்பாலும் ஆடவனுக்கு நேரும் கேடு. அன்றேல், அவன் மனையாளுக்கு நேரும் துயரம். பொருள் போயிற்று, புகழ் போயிற்று, இல்லறம் குலைந்தது என்று அவனை எச்சரித்தார்கள். முன்பின் அறியாத ஆடவனோடு தனியறைக்குட் செல்லும் அப்பெண்ணுக்கு நேரக்கூடிய கேட்டினை எண்ணிப் பார்த்தோர் சிலரே. சூத்திரகன் அச்சிலருள் ஒருவன்.

அந்தக் கேடு பழங்கதையோடு முடிந்துபோன ஒன்றன்று. இன்றும் தனித்து இத்தொழில் நடத்தும் பெண்ணுக்கு வாயிற் காவலன் இல்லை. துணைநிற்கும் நிறுவனம் இல்லை. தன் காவலுக்குத் தானே பொறுப்பாளி. ஆதலின் வருபவன் யாவன் என்பதை முன்கூட்டி ஆராய்தல் அவளுடைய முதற் கருமமாகின்றது. தெருவோரத்தில் நிற்பவளுக்கு அவ்வாராய்ச்சி ஒரு சில நிமிடப் பேச்சு மாத்திரமே. அவன் மதுவெறியில் இருக்கின்றானா, வண்டியின் பின்னிருக்கையில் வேறு எவரேனும் பதுங்கியிருக்கின்றனரா, கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதா என்று அவள் நோட்டமிடுகின்றாள். அருகில் நிற்கும் தோழி வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்கின்றாள். வீட்டிலிருந்து தொழில் செய்பவளோ அவனது உண்மைப் பெயரைக் கேட்கின்றாள். தொலைபேசியிற் பேசி அவன் குரலையும் மனத்தையும் அளக்கின்றாள். அவனை முன்னர் அறிந்த இன்னொருத்தியிடம் விசாரிக்கின்றாள். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைக்கின்றாள். குறித்த வேளையிற் செய்தி வராவிடின் தேடத் தொடங்குக என்பது அதன் பொருள்.

இவை யாவும் எளிய உபாயங்கள். ஆயினும் இவ்வுபாயங்களைச் சட்டமே பறித்துக்கொண்டால் விளைவு யாது? கனடா தேசத்து வன்கூவர் நகரம் இதற்கு விடை சொல்லும்.

அந்நகரின் கீழைப் பகுதியில், வறுமையும் போதைப்பழக்கமும் மலிந்த வீதிகளிலிருந்து, 1990களிற் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மறையலாயினர். அவர்களிற் பலர் தெருவோரப் பாலியல் தொழிலாளர். கணிசமானோர் அந்நாட்டின் ஆதிக்குடிப் பெண்கள். உறவினர் முறையிட்டனர், முறைப்பாடுகள் உரிய கவனம் பெற்றில. 1997 மார்ச் மாதத்தில், நகர்ப்புறத்தேயுள்ள பன்றிப் பண்ணையொன்றிலிருந்து கத்திக்குத்துக் காயங்களோடு ஒருத்தி உயிர்தப்பி ஓடிவந்தாள். பண்ணைக்குரிய றொபேட் பிக்டன் மீது கொலைமுயற்சி வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் அவள் போதைப்பழக்கம் உடையவள், அவளது சாட்சியம் நிலைக்காது என்று கருதிய அரச தரப்பினர் 1998 சனவரியில் அவ்வழக்கை நிறுத்திவிட்டனர். 2002ஆம் ஆண்டிலேயே அவன் கைதானான். 2007 டிசெம்பரில் அறுவரைக் கொன்ற குற்றத்துக்காக ஆயுட்டண்டனை பெற்றான். அவ்வறுவருள் ஐவர், முதல் வழக்கு நிறுத்தப்பட்ட பின்னரே மறைந்தவர்கள். முப்பத்து மூன்று பெண்களின் உடற்கூறுகளோ மரபணுத் தடயங்களோ அப்பண்ணையிற் கண்டுபிடிக்கப்பட்டன. வொலி ஒப்பல் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு, 2012 டிசெம்பரில் வெளியான தன் அறிக்கையில், இப்பெண்கள் வறியோர் என்பதனாலும் இழிந்தோர் என எண்ணப்பட்டமையாலும் பொலிஸாரின் விசாரணை எவ்வாறு தளர்ந்து கிடந்தது என்பதை எடுத்துரைத்தது.

கொலைக்களத்தில் வசந்தசேனை உயிரோடு வந்து தோன்றியபோது, உச்சயினி நகரம் அவள் சொல்லை நம்பிற்று. பழி சுமந்து நின்ற சாருதத்தன் விடுதலை பெற்றான். வன்கூவரில் உயிரோடு வந்தவளின் சொல்லுக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை.

பொலிஸாரின் அசட்டை ஒருபுறமிருக்க, சட்டத்தின் பங்கினையும் நோக்கவேண்டும். அக்காலத்துக் கனடாவிற் பாலியற் சேவையை விற்பது குற்றமன்று. அதனைச் சூழ்ந்த மூன்று செயல்களே குற்றங்கள். ஓரிடத்தை அத்தொழிலுக்கென வைத்திருத்தல் முதலாவது. அத்தொழிலின் வருவாயைக்கொண்டு பிறர் வாழ்தல் இரண்டாவது. பொதுவிடத்தில் அதுபற்றிப் பேசுதல் மூன்றாவது. இம்மூன்றாம் விதி 1985இல் வந்தது. தெருக்களின் அமைதி காப்பதே அதன் நோக்கம்.

நோக்கம் எதுவாயினும் விளைவு வேறாயிற்று. முதல் விதியினால், பெண்கள் பழகிய, பாதுகாப்பான ஓரிடத்தில் இருத்தல் இயலாதாயிற்று. வன்கூவரில் ‘பாட்டி வீடு’ எனப் பெயர்பெற்ற புகலிடமொன்று, கொலைஞன் நடமாடுகின்றான் என்ற அச்சம் பரவிய அதே காலத்தில், நடத்தியோர் மீது இவ்விதியின்கீழ் வழக்குத் தொடரப்பட்டு மூடப்பட்டது. இரண்டாம் விதியினால், சாரதியையோ மெய்க்காவலனையோ கூலிக்கு அமர்த்துதல் அவ்வாறு அமர்ந்தவனைக் குற்றவாளியாக்கிற்று. மூன்றாம் விதியினால், வண்டியில் ஏறுமுன் பேசும் அந்தச் சில நிமிடங்களும் பறிபோயின. பொலிஸாரின் கண்ணுக்கு அஞ்சியவள் விரைந்து ஏறினாள்; அன்றேல் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இல்லாத ஒதுக்கிடங்களை நாடினாள். ஆராயாது ஏறு என்று சட்டமே அவளைப் பிடரியிற் பிடித்துத் தள்ளியது போலாயிற்று.

இதனை எதிர்த்து ரெரி ஜீன் பெட்பேர்ட் என்பவரும், இத்தொழிலை அனுபவத்தால் அறிந்த வேறு இரு பெண்களும் 2007இல் வழக்குத் தொடுத்தனர். 2010இல் ஒன்ராறியோ மாகாண நீதிமன்றில் வென்ற அவ்வழக்கு, ஈற்றிற் கனடிய உச்ச நீதிமன்றை அடைந்தது. 2013 டிசெம்பர் 20ஆம் திகதி, பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் எழுதிய தீர்ப்பில், ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக அம்மூன்று விதிகளையும் செல்லாதவையாக்கினர். அத்தொழிலை அவளே தெரிந்தெடுத்தாள், ஆகவே வரும் ஆபத்துக்கும் அவளே பொறுப்பு என அரசு வாதிட்டது. அதற்கு நீதியரசர் சொன்ன மறுமொழி எளிமையானது, கூரியது. துவிச்சக்கர வண்டி ஓட்டுவது ஒருத்தியின் விருப்பமே. ஆயினும் அவள் தலைக்கவசம் அணியலாகாது எனச் சட்டம் தடுத்தால், பெருகிய ஆபத்துக்குச் சட்டமும் காரணமாகின்றது அன்றோ? வண்டியில் ஏறுமுன் ஆராயும் வாய்ப்பு, பிக்டனுடைய வண்டியில் ஒரு பெண்ணேனும் ஏறாமற் காத்திருக்குமாயின், அதனைப் பறித்த விதியின் கொடுமையை நிறுவ அதுவே போதும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

புதிய சட்டம் இயற்றப் பாராளுமன்றத்துக்கு ஓராண்டு தவணை கிடைத்தது. 2014 டிசெம்பர் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், விற்பவளைப் பெரும்பாலும் விடுத்து, வாங்குபவனைக் குற்றவாளியாக்கிற்று. தேவையைக் குறைத்தாற் சுரண்டல் குறையும் என்பது அதன் வாதம். அவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதனால் ஓர் இடர் உண்டு. கைதாவோம் என அஞ்சுபவன் தன் உண்மைப் பெயரைச் சொல்லத் தயங்குவான். மறைமுகமாகவே பேசுவான்; மறைவிடத்துக்கே அழைப்பான். நல்லவனும் பெயர் மறைப்பான். கொடியவனும் பெயர் மறைப்பான். இருவரையும் பிரித்தறியும் வழி அவளுக்கு எங்கேயுண்டு?

நியூசிலாந்து வேறு வழி சென்றது. 2003 யூன் 25ஆம் திகதி, அறுபதுக்கு ஐம்பத்தொன்பது என்ற ஒரே வாக்குப் பெரும்பான்மையால், அந்நாட்டுப் பாராளுமன்றம் இத்தொழிலைக் குற்றவியலின் பிடியிலிருந்து நீக்கிற்று. நால்வர் வரை ஒன்றுசேர்ந்து, தமக்கு மேலே முதலாளி எவருமின்றி, அனுமதிப் பத்திரமின்றியே ஓரிடத்திற் தொழில் நடத்தலாம். ஒப்பந்தம் செய்த பின்னரும் மறுத்துவிடும் உரிமையை அச்சட்டம் எழுத்திலேயே தந்தது. வற்புறுத்துதலையும், பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பயன்படுத்துதலையும் அது குற்றமாகவே வைத்தது. தற்காலிக அனுமதியோடு வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு இவ்வுரிமைகள் முழுமையாக எட்டவில்லை என்பது அச்சட்டத்தின் குறையாகும்.

இங்கே ஒரு வினா எழலாம். தன் பெயரை மறைத்துக்கொள்ளும் ஒருத்தி, வருபவனுடைய பெயரை மாத்திரம் கேட்பது நியாயமா? அவள் பெயர் வெளிவரின் குடியிருக்கும் வீடு போகும்; பிள்ளை படிக்கும் பள்ளியில் ஏளனம் எழும்; பின்தொடர்ந்து தொல்லை தருவோனுக்கு வழி பிறக்கும். அவனது பெயரையோ அவள் உயிர்க்காவலுக்காகவே கேட்கின்றாள். எனினும் பெற்ற செய்தியைப் பேணும் கடமை அவளுக்கும் உண்டு. வந்தவன் தீங்கின்றிப் போனபின் அதனை அழித்துவிடுதலே முறை. பிறரை எச்சரிப்பதற்கும் முறையான வழி உண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில், 1986ஆம் ஆண்டளவில், தம்மைத் தாக்கிய ஆடவரின் அடையாளங்களையும் வண்டி இலக்கங்களையும் பெண்கள் தொகுத்துத் தமக்குள் வழங்கலாயினர். இம்முறை பின்னர் பிரித்தானியாவுக்கும் பரவி, 2012இல் அங்கு நாடளாவிய அமைப்பாயிற்று. முறையிடுபவள் தன் பெயரை வெளிப்படுத்த வேண்டியதில்லை. அவள் சம்மதித்தால் மாத்திரமே முழு விவரமும் பொலிஸாரிடம் செல்லும்.

எமது நாட்டுக்கும் இது அயலான பேச்சன்று. 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1889ஆம் ஆண்டு விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே இயற்றப்பட்டவை. கனடாவின் பழைய விதிகளும் ஆங்கிலச் சட்ட மரபில் வந்தவையே. தெருவில் நிற்றலையும் இடம் வைத்திருத்தலையும் சுற்றி வளைத்துக் குற்றமாக்கும் போக்கு இரண்டிலும் ஒன்று. அயல்நாடாகிய இந்தியாவில், 1999இற் கல்கத்தாவிற் கொலையுண்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து வளர்ந்த விசாரணையில், 2022 மே 19ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை பிறப்பித்தது. சோதனையிலோ மீட்பிலோ அகப்படும் இப்பெண்களின் பெயரும் படமும் வெளிவராதவாறு பத்திரிகைகள் மிகுந்த கவனம் செலுத்தவேண்டும் என்பதும் அதில் அடங்கும். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பொலிஸ் வண்டியில் ஏறும் பெண்களின் படங்களைப் பார்த்துப் பழகிய வாசகர் அதன் அருமையை உணர்வர்.

இவ்வாறெல்லாம் எழுதுவது இத்தொழிலைப் போற்றுவதாகுமோ என ஆசிரியர் சிலரேனும் ஐயுறக்கூடும். தொழில் நன்றோ தீதோ என்னும் வாதம் ஒருபுறம் நடக்கட்டும். அது முடியுமட்டும் ஒருத்தி கொலையுண்ணலாம் என்று எந்த அறநூலும் சொல்லவில்லை. வறுமையாலும் போதையாலும் தள்ளப்பட்டவள், அச்சம் தோன்றியபோதும் வண்டியில் ஏறவே செய்வாள் என்பதும் உண்மை. ஆராயும் உரிமை மாத்திரம் அவளுக்குப் போதாது. மறுத்துவிட்டு வீடு திரும்பினாலும் அன்றிரவு உண்ண உணவும் உறங்க இடமும் இருந்தாலன்றி, மறுக்கும் உரிமை ஏட்டிலேயே நின்றுவிடும். வறுமை நீக்கம், நோய் மருத்துவம், வேறு தொழிலுக்கான பயிற்சி ஆகியவை வேண்டுமென்போர் சொல்வது இதனோடு முரண்படுவதன்று. இதனை நிறைவு செய்வதாகும்.

அவள் கேட்பது பெரிதொன்றுமில்லை. வருபவன் யார் எனக் கேட்டறியச் சிறிது அவகாசம். அவன் தீயவன் எனக் கண்டு வந்து சொன்னால் அச்சொல்லுக்குச் செவி. 1998இல் அச்செவி திறந்திருந்தால் ஐந்து பெண்களேனும் இன்று உயிரோடிருத்தல் கூடும்.