வாயிற்காப்போன் இல்லாத அரங்கம்

உலாவியில் ஒரு முகவரியைத் தட்டி, கண்களை மறைக்கும் ஹெட்செட்டை அணிந்துகொண்டு, ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், மனிதன் தன் வீட்டுக் கூடத்தை மறந்து வேறோர் உலகத்தில் நிற்பது இன்று சாத்தியமாகிவிட்டது. இதற்காக அவன் செயலிக் கடையில் எதையும் வாங்கவோ, கருவியில் எதையும் நிறுவவோ வேண்டியதில்லை. 2015-ல் மொசில்லா குழுவினர் ஏ-ஃபிரேம் என்னும் கருவித்தொகுப்பை வெளியிட்டபோது, வலைப்பக்கம் எழுதத் தெரிந்த எவரும் சில வரிகளில் மெய்நிகர்க் காட்சியொன்றை அமைக்கலாம் என்பது பிரத்தியட்சமாயிற்று. 2019 டிசம்பரில் குரோம் உலாவியின் 79-ஆம் பதிப்பு வெப்எக்ஸ்ஆர் என்னும் பொது இலக்கணத்தை ஏற்றபின் அந்த வித்தை நிலைபெற்றது. ஆனால் தனியாக அமர்ந்து இத்தகைய விளையாட்டுகளை ஆக்குபவரின் ஜீவனத்துக்கு என்ன வழி?

செயலிக் கடைகள் விலையில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்ற குறை நியாயமானதே. எனினும் மீதியை வசூலித்துக் கையில் கொடுக்கும் காரியத்தையும் அக்கடைகளே செய்கின்றன. வலை என்னும் வாயிற்காப்போன் இல்லாத அரங்கத்திலோ, சீட்டுக் கிழிக்கவும் ஆள் இல்லை.

விளம்பரம் போடலாமே என்று சொல்வோர், இந்த ஊடகத்தின் விசேஷ சங்கடத்தை அறியாதவர்கள். ஹெட்செட்டுக்குள் காட்சி விரிந்தவுடன் சாதாரண வலைப்பக்கம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. விளையாட்டு தானே தீட்டும் சித்திரம் மட்டுமே தெரியும் என்பதால், பக்கத்தில் ஒட்டிய விளம்பரமும், பணம் கட்டும் படிவமும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. காட்சிக்குள்ளேயே விளம்பரத்தைப் புகுத்தினாலோ, இரு கண்களுக்கும் நொடிக்கு 72 அல்லது 90 முறை சித்திரம் தீட்டியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், அந்நிய நிரல் ஒன்று குறுக்கிட்டுச் சற்றுத் தடுமாற்றம் உண்டாக்கினாலும் ஆடுபவருக்குத் தலை சுற்றும். பணம் கட்ட விரும்புபவர் விளையாட்டை விட்டு வெளியே வந்து, அந்தரத்தில் மிதக்கும் விசைப்பலகையை நோக்கிக் கைக்கருவியின் ஒளிக்கோட்டை நீட்டி, அட்டையின் பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பாதி எண்ணில் கை தவறினால், கொடுக்கும் மனமும் தளர்ந்துவிடும்.

இதற்கு மிக அழகான பரிகாரமாக எனக்குத் தோன்றியது, காயில் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த பிரயத்தனம். சந்தாதாரர் மாதம் 5 டாலர் செலுத்துவார். படைத்தவர் தம் பணப்பையின் முகவரியைப் பக்கத்தில் ஒரே வரியாக எழுதிவைப்பார். சந்தாதாரர் அந்தப் பக்கத்தில் தங்கும் ஒவ்வொரு மணிக்கும் 36 சென்ட் வீதம் பணம் சொட்டுச்சொட்டாய் வந்து சேரும். படிவமும் இல்லை, இடையூறும் இல்லை. 2019-ல் மொசில்லாவும் கிரியேட்டிவ் காமன்ஸும் அந்நிறுவனத்தோடு சேர்ந்து, இம்முறையை வளர்க்கப் பத்துக் கோடி டாலர் மானிய நிதியையும் அறிவித்தன. ஆயினும் கணக்கு கசப்பானது: சந்தாதாரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து மாதத்தில் நூறு மணி நேரம் ஆடினாலும் கிடைப்பது 36 டாலர்தான். 2023-ல் காயில் மூடப்பட்டது. அந்த ஒற்றை வரியை எல்லா உலாவிகளுக்கும் உரிய இலக்கணமாக்கும் முயற்சியை இன்டர்லெட்ஜர் அறக்கட்டளை இன்னும் கைவிடவில்லை என்பதில் எனக்கு மிகுந்த ஆறுதல் உண்டு.

அதுவரை, இருக்கிற வழிகளைக் கலந்தே பிழைக்க வேண்டும். இட்ச்.ஐஓ தளத்தில் விளையாட்டை இலவசமாகத் திறந்துவைத்து, விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கலாம் என்று விடலாம். தளத்துக்கு எத்தனை பங்கு என்பதைப் படைத்தவரே நிர்ணயிக்கும் சுதந்திரம் அங்கே இருக்கிறது. நிறுவனங்களுக்காக விளையாட்டு செய்துகொடுத்துக் கூலி பெறுவதும் உண்டு. அது வயிற்றுக்கு ஆதாரம், சொந்தக் கற்பனைக்கு அவ்வளவாக இல்லை.

என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றிலும் மேலானது, பேட்ரியான் போன்ற தளங்களின் வாயிலாக மாதந்தோறும் சிறுதொகை அளிக்கும் ரசிகர் கூட்டமே. அக்கூட்டத்தைத் தேடுபவருக்கு, ஆண்டுதோறும் ஆகஸ்டு 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும் ஜேஎஸ்13கே போட்டி நல்லதொரு வாசல். விளையாட்டு முழுவதும், சுருக்கிய கோப்பாக, 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள், அடங்க வேண்டும் என்பது அங்கே விதி. மெய்நிகர் விளையாட்டுகளுக்குத் தனிப்பிரிவும் நடந்துவந்திருக்கிறது. பரிசைவிட, முன்பின் அறியாத பலர் ஆடிப் பார்ப்பதே அங்கு கிடைக்கும் லாபம். அப்படி ஆடியவர் ஹெட்செட்டைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான், படைத்தவரின் பெயரும், ஆதரிக்கும் வழியும் அவர் கண்ணில் பட வேண்டும்.