இரண்டும் ஒன்றாகப் படுத்தால்?

2017-ஆம் ஆண்டு சிஸ்கோ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் ஏஎஸ்ஏ வகை ஃபயர்வால்களில் குறிப்பிட்ட சில மென்பொருள் பதிப்புகள் இருந்தால், ஆன் செய்து சுமார் 213 நாள் 12 மணி நேரம் ஆனதும் கருவி தகவல்களைக் கடத்துவதை நிறுத்திவிடும். ரீபூட் செய்தால் மறுபடி ஓடும்.

பெரிய அலுவலகங்களில் ஃபயர்வால்கள் ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்று படுத்தால் மற்றொன்று எழும். ஆனால் நிறுவ வருபவர்கள் இரண்டையும் ஒரே ரேக்கில் மாட்டி, ஒரே நாளில் ஆன் செய்துவிட்டுப் போவதே வழக்கம். அப்படியென்றால் இரண்டுக்கும் கெடு ஒன்றுதான். முதன்மைக் கருவி நிற்கும் அதே வேளையில் துணைக் கருவியும் நிற்கும்.

அலுவலக நெட்வொர்க்குக்கும் வெளியே உள்ள இணையத்துக்கும் நடுவில் காவல் நிற்பது ஃபயர்வால். அது நின்றால், சர்வர் நன்றாக இருந்தும் பயனில்லை. வங்கிக் கிளையில் கணக்கு விவரம் வராது. மருத்துவமனையில் பரிசோதனை முடிவு வராது. அதனால்தான் பேரிடர் மீட்புத் திட்டங்களில் மாற்று ஃபயர்வாலுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

இந்த ஜோடி இயங்கும் விதம் அழகானது. முதன்மைக் கருவி, தான் உயிரோடு இருப்பதாகத் துணைக்கு இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். வி.ஆர்.ஆர்.பி. என்ற பொது நெறிமுறையில் இது வழக்கமாக விநாடிக்கு ஒரு முறை. மூன்று விநாடிகளுக்குமேல் சத்தமில்லை என்றால், துணைக் கருவி முதன்மையின் முகவரியைத் தானே ஏற்று வேலையில் இறங்கிவிடும். பல ஜோடிகளில், நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளின் பட்டியலும் அவ்வப்போது துணைக்குப் போய்ச் சேரும். பாதியில் இருக்கும் பணப் பரிமாற்றம் அறுந்துபோகாது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு கருவிகளும் நலமாக இருக்க, நடுவில் உள்ள கேபிள் மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக எண்ணி ஒரே முகவரிக்கு உரிமை கோரும். நெட்வொர்க் குழம்பிப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் இந்தச் சமிக்ஞைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைப் போட்டுவைக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஒரு கருவி பழுதாவதைத் தாங்கும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் குறையைத் தாங்காது. விண்வெளித் துறை இந்தப் பாடத்தை 1996 ஜூன் 4 அன்றே பெரும் விலை கொடுத்துக் கற்றது. பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், 40 விநாடிகளுக்குள் திசைமாறி வெடித்துச் சிதறியது. ராக்கெட்டின் நிலையை அளந்து சொல்லும் கணினிகள் அதில் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். பெரிய எண் ஒன்றை அதற்குப் போதாத சிறிய இடத்தில் அடைக்கப் போய் முதலில் நின்றது மாற்றுக் கணினி. ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரத்தில், அதே காரணத்தால், முதன்மையும் நின்றது.

ஃபயர்வால் ஜோடியில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முதன்மையில் எழுதும் விதிகள் உடனுக்குடன் துணைக்கும் நகலாகின்றன. நிர்வாகி அவசரத்தில் தவறான விதி ஒன்றை எழுதினால், அந்தத் தவறும் நகலாகும். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 2017 ஜூனில் நேர்ந்தது இதன் பெரிய வடிவம். பயனர் கணக்குகளைக் காக்கும் சர்வர்கள் ஏறக்குறைய 150, உலகெங்கும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்தன. நாட்பெட்யா என்ற தீநிரலின் தாக்குதல் அவற்றை ஒருசேர அழித்தது. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்த ஒன்றை வைத்துத்தான் மற்றவற்றை மீட்டார்கள். ஆகவே, செட்டிங்ஸின் பிரதி ஒன்று நெட்வொர்க்கோடு தொடர்பில்லாமல் தனியே கிடக்க வேண்டும். கூடவே நேற்றைய பிரதி, போன மாதத்துப் பிரதி என்று சில பழைய பதிப்புகளும் வேண்டும்.

கருவிகள் ஒரே மாதிரி இருப்பது தாக்குபவனுக்கும் வசதி. 2019 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காற்றாலை, சூரிய மின் நிலையங்களை நடத்திவந்த எஸ்பவர் நிறுவனத்தின் ஃபயர்வால்களை யாரோ வெளியிலிருந்து திரும்பத் திரும்ப ரீபூட் ஆக வைத்தார்கள். ஏறக்குறைய பத்து மணி நேரம் கட்டுப்பாட்டு மையத்தின் தொடர்பு அவ்வப்போது அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் மீண்டது. மின் உற்பத்தி தப்பியது. பயன்படுத்தப்பட்ட ஓட்டையோ ஏற்கெனவே தெரிந்தது. அதை அடைக்கும் மென்பொருளும் வெளிவந்திருந்தது.

அப்டேட்டை உடனே போட்டுவிட்டால் தீருமா? 2025 செப்டம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனம் செய்ததும் ஒரு ஃபயர்வால் மேம்பாட்டுப் பணிதான். அதில் நேர்ந்த பிழையால் அவசர உதவிக்கான 000 எண்ணுக்கு வந்த நூற்றுக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. சாதாரண அழைப்புகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்ததால் மணிக்கணக்கில் கோளாறு கண்ணில் படவில்லை. உயிர்கள் போயின.

ஜோடியாக இயங்கும் ஃபயர்வால்கள் பெரும்பாலும் ஒரே மாடலாக, ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் அவற்றை வெவ்வேறு நாளில் ரீபூட் செய்யலாம். அப்டேட்டை முதலில் துணையில் போட்டு, வேலையை அதற்கு மாற்றி, சற்று நேரம் கவனித்துவிட்டு முதன்மைக்குப் போகலாம். வேற்றூரில் உள்ள மீட்பு மையத்தில் வேறு நிறுவனத்தின் கருவியை வைக்கலாம். செலவும் பயிற்சியும் கூடும்; வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அது தகும். நெட்வொர்க் முழுதும் படுத்தாலும் கருவிக்குள் நுழைய, தனி மொபைல் இணைப்பில் ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

உங்கள் நிறுவனத்தில் இரண்டு ஃபயர்வால்கள் இருந்தால், பொறுப்பானவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: முதன்மைக் கருவியைக் கடைசியாக என்றைக்கு வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தீர்கள்? தேதி சொல்ல முடியவில்லை என்றால், வரும் விடுமுறை நாளிலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள்.