சட்டையைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளி விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் முன்னே மஞ்சள் தடவிய புதுச்சட்டை. மற்றப் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டனர். இந்தக் குழந்தை மட்டும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. மாட்டிவிட்ட சட்டையைக் கழற்றி எறிகிறது. "ஆசையாய் எடுத்த துணி, இப்படி அடம் பிடிக்கிறதே" என்று பாட்டி வருந்துகிறார். தந்தையின் கை ஓங்குகிறது. விருத்தாசலத்திலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் எங்களிடம் வரும் பெற்றோர் பலர் விவரிக்கும் காட்சி இது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நாங்களும் இத்தகைய குழந்தைகளின் தோலை மட்டும் பரிசோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை, போகப்போகச் சரியாகும்" என்று அனுப்பியதுண்டு. கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து, அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று அதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

குழந்தை உணர்வது என்ன?

உடுத்திய சில நிமிடங்களில், சட்டை உடலில் இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். மாறாமல் தொடரும் தொடுதலை நரம்புகளும் மூளையும் படிப்படியாகப் பொருட்படுத்தாமல் விடுவதே இதற்குக் காரணம். சில குழந்தைகளுக்கு இது சரிவர நிகழ்வதில்லை. கழுத்தோரத்து லேபிள் காலையில் உறுத்தியதைப் போலவே மாலையிலும் உறுத்திக்கொண்டிருக்கும். இதனைத் தொடுவுணர்வு மிகை எனலாம்.

அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் 1947இல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், கால்நடை அறிவியல் பேராசிரியர். சிறுவயதில் தேவாலயத்துக்குச் செல்லும்போது அணிவித்த உள்பாவாடை, உப்புத்தாளால் தேய்ப்பதைப் போலிருந்தது என்று 1995இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரித்துள்ளார். பெரியவரான பின்னரும் புதிய உள்ளாடைக்குப் பழகத் தமக்குச் சில நாள்கள் தேவைப்படுவதாகவும் எழுதியுள்ளார். சொல்லத் தெரியாத குழந்தை இதையே அழுகையால் தெரிவிக்கிறது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் 5ஆம் பதிப்பு, புலனுணர்வு மிகையையும் குறைவையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எனினும், துணி உறுத்துகிறது என்று அழும் குழந்தைகள் அனைவருக்கும் ஆட்டிசம் இருப்பதாகப் பொருளில்லை. பேச்சு, விளையாட்டு, பிறருடன் பழகுதல் ஆகியவற்றிலும் ஐயம் இருந்தால் மட்டுமே அந்தத் திசையில் ஆராய்கிறோம்.

விரலால் அறியலாம்

நம் ஊரின் பீங்கான் தொழிலில் இருப்போருக்கு இதை விளக்குவது எளிது. கிளேஸ் பூசாத பொருளின் சொரசொரப்பையும் பூசிச் சுட்டதன் வழவழப்பையும் கண்ணை மூடிக்கொண்டே அவர்கள் பிரித்தறிவார்கள். அதே கவனத்துடன் சட்டையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். உழைத்துக் காய்த்த கைக்குச் சிறு உறுத்தல் தெரியாமல் போகலாம். அப்போது துணியை உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

கழுத்து லேபிள், தோள் மற்றும் அக்குள் தையல், நூல் முடிச்சு, எம்பிராய்டரியின் பின்பக்கம், ஜரிகை, இடுப்பு எலாஸ்டிக், காலுறையின் விரல்பகுதித் தையல் ஆகியவை பெரும்பாலும் தொல்லை தரும் இடங்கள். லேபிளைக் கத்தரித்தால் எஞ்சும் முனை முன்னைவிட மிகுதியாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுமையாக எடுத்துவிடுங்கள். பனியனை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி அணிவித்தாலும் தவறில்லை.

பிறந்த குழந்தையை, பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியில் ஏந்துவது நம் வழக்கம். தூளி கட்டுவதும் அம்மாவின் பழைய நூல்சேலையில்தான். அந்த அறிவு இங்கும் உதவும். பண்டிகைத் துணியைச் சில வாரங்கள் முன்பே வாங்கி, நான்கைந்து முறை துவைத்துவிடுங்கள். கஞ்சி வேண்டாம். உப்பு நீரில் துவைத்து வெயிலில் விறைத்த துணியை நன்கு உதறிக் கசக்கி, மென்மையாக்கிக் கொடுங்கள். அண்ணனோ அக்காவோ உடுத்திய பழைய துணியைக் குழந்தை விரும்பினால் தயங்க வேண்டாம்.

தளர்வான ஆடை எல்லோருக்கும் ஏற்றது என்றும் எண்ண வேண்டாம். லேசாக உரசும் துணியைவிட, உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும் பனியனே சில குழந்தைகளுக்கு அமைதி தரும். குழந்தை எதைத் தானே தேடி எடுக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஏற்றுக்கொண்ட ஆடை கிடைத்தால், அதிலேயே இரண்டு மூன்றும், அடுத்த அளவில் ஒன்றும் வாங்கிவையுங்கள். எடை வைத்துத் தைத்த மேலாடைகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் பயனுக்கு வலுவான சான்று இல்லை. கடன்பட்டு வாங்க வேண்டாம்.

பள்ளிச் சீருடை

துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால், உள்ளே பழகிய பருத்திப் பனியனை அணிவியுங்கள். அதுவும் போதாதெனில், அதே நிறத்தில் பருத்திச் சீருடை தைத்து அணிய அனுமதி கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பாதுகாக்கிறது. அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைப் பள்ளிகள் செய்து தர வேண்டும் என்கிறது. ஆசிரியரிடம் காட்ட மருத்துவரின் கடிதம் தேவையெனில் எங்களைக் கேளுங்கள்.

எப்போது வர வேண்டும்?

நேற்றுவரை அணிந்த ஆடையைக் குழந்தை திடீரென மறுத்தால் காத்திருக்க வேண்டாம். வேர்க்குரு, சிரங்கு, கரப்பான், சாய ஒவ்வாமை, கீரிப்பூச்சி, சிறுநீர்த் தொற்று, கைகால் வலி ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ஆடைத் தொல்லையால் பள்ளிக்குச் செல்வதோ உறங்குவதோ தடைபட்டாலும் வாருங்கள். தேவைப்படுவோரை ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடம் அனுப்புகிறோம்.

இந்தக் குழந்தைகளை அடிப்பதால் உறுத்தல் குறையாது. உடுத்தும் நேரத்தைப் பற்றிய அச்சமே கூடும். பாட்டி, தாத்தாவிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது, குழந்தை மறுக்கும் சட்டை ஒன்றையும் விரும்பி அணியும் சட்டை ஒன்றையும் பையில் எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்ந்தே திருப்பிப் பார்ப்போம்.