கொள்ளைநோய்க் காலத்துக் காற்பந்தாட்டம்

கொள்ளைநோய் பரவியிருக்குங்கால், ஊதியம் பெற்றுப் பந்தாடுவோர் மீண்டும் களம் புகலாமோ என்னும் வினா 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பாவெங்கும் எழுந்தது. விளையாட்டுத்தானே என்று நாம் அதனைத் தள்ளிவிடுதற்கில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் மிலான் நகரில் அட்டலாண்டா, வலென்சியா ஆகிய குழுக்களின் ஆட்டங் காண 40,000-க்கு மேற்பட்டோர் திரண்டனர். அவருட் பெரும்பாலார் பெர்காமோ நகரத்தார். சில வாரங்களில் அந்நகரம் பட்ட பாடு உலகறிந்தது. நோய் பரவ அக்கூட்டமும் ஒரு காரணமென அந்நகரத் தலைவரே கூறினார்.

மார்ச்சு மாதத்தில் ஆட்டங்கள் நின்றன. நெதர்லாந்து வாகையர் எவருமிலர் என்று சொல்லிப் பருவத்தை முடித்துக்கொண்டது. பிரான்சு, முன்னணியில் நின்ற பாரிஸ் குழுவுக்குப் பட்டமளித்து முடித்தது. ஜெர்மனியோ மே 16-ஆம் நாள் வெற்றரங்குகளில் ஆட்டத்தைத் தொடங்கிற்று. ஆட்டக்காரரை அடிக்கடி சோதித்தும் வந்தது. பொதுமக்களுக்கே சோதனை கிட்டாத நாட்டில் இது தகாது. ஜெர்மனியில் அக்குறை அத்துணை இல்லாமையானும், கூட்டம் விலக்கப்பட்டமையானும், அவர் செய்தது தக்கதே என்பது நம் கருத்து.

ஆயினும் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? இரண்டாம் பிரிவைச் சார்ந்த டைனமோ டிரெஸ்டன் குழுவில் இருவருக்கு நோய் காணவே, குழு முழுவதும் 14 நாள் ஒதுக்கி வைக்கப்பட்டது. பிறர் ஆட, இவர் வீட்டிலிருந்தனர். பின்னர் விடுபட்ட ஆட்டங்களையும் சேர்த்து ஓய்வின்றி ஆடித் தீர்க்க நேர்ந்தது. முன்னரே கடையிடத்தில் நின்ற குழுவென்பது மெய்யே. எனினும் சமநிலையில் போராடும் வாய்ப்பும் அதற்கு இல்லாதொழிந்தது. முடிவில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிற்று. இவ்விறக்கத்தை அவ்வொரு பருவத்திற்கேனும் நிறுத்தி வைத்திருக்கலாம். ஆட்டந் தொடங்க இசைந்தோர் அதற்கு இசைந்திலர்.