பன்னாட்டு உரிமம் எங்கும் செல்லுமா?

வியத்நாமின் வடகோடியில் உள்ள ஹா ஜியாங் மலைச்சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்க்க நம் இளைஞர்கள் பலர் ஆவலுடன் செல்கின்றனர். மா பி லெங் கணவாயின் வளைவுகளுக்கு அத்தகைய ஈர்ப்பு உண்டு. ஆனால், நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, இந்தியா ஏற்ற 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் அடிப்படையிலானது. வியத்நாம் இணைந்திருப்பதோ 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில். ஆகவே, அங்கே 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு நம் அனுமதி செல்லாது.

வண்டியை வாடகைக்கு விடுபவர் இதையெல்லாம் கேட்பதில்லை. அவருக்குத் தேவை முன்பணமும் கடவுச்சீட்டும்தான். கடவுச்சீட்டை அடகுபோல ஒப்படைப்பது வேறொரு பிழை. விபத்து நேரும்போதுதான் சிக்கல் வெளிப்படும். செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டியவருக்குப் பயணக் காப்பீடு பொதுவாக இழப்பீடு தருவதில்லை. மருத்துவச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

வழிகாட்டி உடன்வரும் குழுப் பயணமும் இக்குறையைத் தீர்க்காது. உள்ளூர் ஓட்டுநரின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் ஏற்பாடு அங்கே உண்டு. ஓட்டும் இன்பம் இல்லைதான்; மலையையாவது நிமிர்ந்து பார்க்கலாம். தாமே ஓட்ட விரும்புவோர், ஜெனீவா அனுமதியை ஏற்கும் தாய்லாந்தின் மே ஹாங் சோன் மலைச்சுற்றைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கும் அனுமதியில் மோட்டார் சைக்கிள் வகை முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்; கார் வகை மட்டும் போதாது.